ஐ.பி. மேடம் சொன்ன யோசனை

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்துவிட்டால், ‘ஐ.பி. போட்டுட்டான்’ என்பார்கள். தமிழ்நாட்டுக்குள் போய்விட்டால் அதற்கே ‘மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்’ என்று பெயர். ஐ.பி. என்றால் இன்சால்வென்சி பெட்டிஷன். ‘இதற்கு மேல் என்னால் ஆகாது, இருப்பதை எடுத்துப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், என்னை விட்டுவிடுங்கள்’ என்று நீதிமன்றத்தில் கொடுக்கும் திவால் மனு. சித்தூர் பஜாரில் யாரைப் பற்றியாவது இந்த இரண்டு எழுத்தைச் சொல்வதென்றால் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். நான் இதே இரண்டு எழுத்தை வைத்து இருபத்தைந்து வருடமாகப் பிழைப்பு நடத்துகிறேன். திருப்பதியில் ஒரு சட்டக் கல்லூரியில் திவால் சட்டமும் வணிகச் சட்டமும் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஐ.பி. மேடம். முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள், ஆனால் எனக்குக் கேட்கும்படி சொல்கிறார்கள்.

இந்தப் பாடத்தை நானாகத் தேடிப் போனதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். அது உண்மையில்லை. முதுகலையில் யார் யாருக்கு எந்தப் பாடம், எந்த வழிகாட்டி என்று பிரித்துக்கொடுத்த அன்று சித்தூரிலிருந்து நான் வந்த பஸ் பாகாலா ரயில்வே கேட்டில் நின்றது. கூட்ஸ் வண்டி ஒன்று முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று முக்கால் மணி நேரம் விளையாடியது. நான் போய்ச் சேர்ந்தபோது அரசியல் சட்டம் தீர்ந்துவிட்டது, குற்றவியல் தீர்ந்துவிட்டது, குடும்பச் சட்டம்கூட இல்லை. மிச்சம் இருந்தது வணிகச் சட்டமும், மேசையில் தனியாக உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த ஒரு பேராசிரியரும். “இன்சால்வென்சி எடுத்துக்கோம்மா, போட்டியே கிடையாது” என்றார். அவர் சொன்னது அப்படியே பலித்தது. அடுத்த பதினைந்து வருடம் என்னோடு போட்டி போட ஒருவரும் வரவில்லை.

வீட்டில் சொன்னபோது நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, புரியவில்லை. அவர் சித்தூரில் பழைய மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

“திவாலாவா? அதுக்கு எதுக்கும்மா படிப்பு? படிக்காதவனுக்கே அது தன்னால வந்துக்கினு கீதே” என்றார்.

அம்மா இன்னும் சாமர்த்தியசாலி. சர்ச்சில், எங்கள் சபையில் யாராவது கேட்டால் “கம்பெனி லா” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டில், பையனின் தகப்பனார் நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று கேட்டார். நான் விளக்கமாகவே சொன்னேன். கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். எனக்குக் கல்யாணம் ஆகாமல் போனதற்குத் திவால் சட்டம் மட்டும் காரணமில்லை, என் வாயும்தான் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

முனைவர் பட்டத்துக்காக சித்தூர் கோர்ட்டின் பழைய கட்டுகள் இருக்கும் அறையில் இரண்டு கோடைகாலம் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி இருந்தது, சுற்றாது. ஒரு தையல்காரர், ஒரு சைக்கிள் கடைக்காரர், வெல்ல மண்டி வைத்திருந்தவர், மாம்பழத் தோட்டம் குத்தகைக்கு எடுத்தவர் என்று எத்தனையோ பேரின் ஐ.பி. மனுக்களைப் படித்தேன். எல்லாம் கோர்ட்டுத் தெலுங்கு, ஒரு வாக்கியம் ஒன்றரைப் பக்கம் ஓடும். அறைக்கு வெளியே விசாரணைக்கு வருகிறவர்களையும் பார்த்தேன். வெட்டுக்குத்து வழக்கில் வந்தவர் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு டீ குடிப்பார். ஐ.பி. போட்டவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தூணோடு தூணாக நிற்பார். எனக்குக் கோபமாக வரும். கட்ட முடியாமல் போவது விபத்து, குற்றமில்லை, அந்த மனிதருக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க உரிமை உண்டு, அதற்குத்தான் இந்தச் சட்டமே இருக்கிறது என்று நானூறு பக்கம் எழுதினேன். பட்டமும் கிடைத்தது, வேலையும் கிடைத்தது.

அந்த ஆராய்ச்சி பிறகு புத்தகமாக வந்தது. எத்தனை பிரதி விற்றது என்று பதிப்பாளர் சொல்லவில்லை, நானும் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தவில்லை. ஆனால் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்த ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் கல்லூரி நூலகர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நகரிக்காரர். அவர் பிறந்த வீடும் புகுந்த வீடும் நெசவுதான். கணவர் நகரியில் ஆறு பவர்லூம் போட்டு ஒரு ஷெட் நடத்திக்கொண்டிருந்தார். அக்கா எம்.லிப். படித்துவிட்டு ஒப்பந்தச் சம்பளத்தில் பல வருடமாக எங்கள் நூலகத்தைக் காத்துவந்தார். ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெலுங்கு ஓடும் கல்லூரியில் நாங்கள் இரண்டு பேரும்தான் தமிழ் பேசிக்கொள்வோம். மற்றவர்கள் முன்னால் அவருக்கு நான் மேடம். புத்தக அடுக்குகளுக்கு நடுவில் வெறும் நீ.

“உன் புக்கு முடிச்சுட்டேன். ராவும் பகலும் படிச்சேன். ஆனா ஒண்ணு, அடிக்குறிப்பு ரொம்ப. சோத்துல கல்லு மாதிரி கெடக்குது” என்றார். இதைவிட நல்ல மதிப்புரை எனக்கு வேறு எங்கும் வரவில்லை.

பிறகு டில்லியில் கம்பெனிகளுக்கான புதிய திவால் சட்டம் வந்தது. என் ஜாதகமே மாறிவிட்டது. அதுவரை யாரும் சீந்தாத பாடத்துக்கு ஒரே வருடத்தில் கூட்டம் தாங்கவில்லை. ஏசி ஹோட்டல்களில் கருத்தரங்கு, கழுத்தில் தொங்கவிட அட்டை, மதியம் மூன்று வகை இனிப்பு. ரேணிகுண்டாவில் விமானம் ஏறி டில்லிக்குப் போய் இறங்கினால், “திருப்பதியா? லட்டு கொண்டுவந்தீர்களா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். இருபது நிமிடம் பேசக் கூப்பிட்ட இடத்திலெல்லாம் நான் நாற்பது நிமிடம் பேசினேன். பெரிய கம்பெனி விழுந்தால் அதற்குத் தீர்வுத் திட்டம் என்று பெயர், நகரியில் ஒரு நெசவாளி விழுந்தால் அவனுக்கு மட்டும் வெட்கமா என்று மேசையைத் தட்டுவேன். கைத்தட்டுவார்கள். தட்டிவிட்டு இனிப்பு சாப்பிடப் போவார்கள், நானும் போவேன்.

இப்போது எங்கள் கல்லூரியின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆந்திராவில் நிரந்தரச் சம்பளம் வாங்கும் ஆசிரியரின் கையெழுத்துக்கு ஒரு தனி மரியாதை உண்டு. சீட்டுக் கம்பெனியில் ஏலம் எடுத்தவர் பணத்தை வாங்க வேண்டுமென்றால், சம்பளக்காரர் ஒருவரின் ஜாமீன் கையெழுத்து வேண்டும். அதனால் ஸ்டாஃப் ரூமில் மாதம் ஒருவராவது ஒரு கட்டுக் காகிதத்தோடும் ஒரு பை நிறைய பஃப்ஸோடும் வருவார்கள். பஃப்ஸ் வந்தாலே எங்களுக்குப் புரிந்துவிடும். ஒரு கையால் தின்றுகொண்டே இன்னொரு கையால் கையெழுத்துப் போடுவோம். அங்கே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் சட்டம் படித்தவர்கள். ஒருவரும் காகிதத்தைப் படிக்க மாட்டோம். படித்தால் அது அவமரியாதை. ‘என்னை நம்பலையா?’ என்று முகம் சுண்டிப்போகும். எனக்குக் கையெழுத்துப் போட்டவருக்கு நான் போட வேண்டும், அவருக்கு இன்னொருவர். காலை பத்து மணி வகுப்பில் நான், “ஜாமீன் போட்டவனும் கடன் வாங்கியவனும் சட்டத்தின் கண்ணில் ஒன்று, கடன் கொடுத்தவன் நேராக ஜாமீன்தாரன் கழுத்தைப் பிடிக்கலாம்” என்று முழங்குவேன். பதினொன்றரைக்கு முட்டை பஃப்ஸ் தின்றுகொண்டே கையெழுத்துப் போடுவேன்.

அக்கா ஒருநாள் அப்படி வந்தார். பஃப்ஸ் இல்லை, வீட்டில் செய்த அதிரசம்.

“ஒரு சந்தகம் போடும்மா. இவுருக்கு ரெண்டு லூமு மாத்தணுமாம். சீட்டு எடுத்துக் கீறேன்” என்றார். சந்தகம் என்றால் தெலுங்கில் கையெழுத்து, அப்பு என்றால் கடன், எங்கள் தமிழிலும் இரண்டும் அதுவேதான். நாலு இடத்தில் போட்டேன். இரண்டு இடத்தில் மேலே ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அதிரசம் நன்றாக இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஒன்றரை வருடம் கழித்து, கல்லூரி முதல்வர் அறையிலிருந்து எனக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. சீட்டுக் கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ். அக்கா பல மாதமாகத் தவணை கட்டவில்லை, ஜாமீன்தாரராகிய நீங்கள் மொத்தத்தையும் கட்ட வேண்டும். வக்கீல் பெயரைப் பார்த்தேன். என் மாணவன். வகுப்பில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்டு என் உயிரை எடுத்தவன். உடனே போன் போட்டேன்.

“என்னய்யா இது?” என்றேன் தெலுங்கில்.

“மேடம், நமஸ்காரம் மேடம். மீரே செப்பேரு கதா மேடம்” என்றான். நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள் என்று அர்த்தம். அவன் கிண்டல் செய்யவில்லை, உண்மையான மரியாதையோடுதான் சொன்னான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. வழக்குப் போட்டால் என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை இருபத்து நாலு மாதம் பிடிப்பார்கள், கணக்கும் ஏறக்குறைய அத்தோடு தீர்ந்துவிடும் என்றான். நான் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னான்.

அந்தச் சமயத்தில் நான் திருப்பதியில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். வருடக்கணக்கில் காலை ஆறு மணி பஸ்ஸில் சித்தூரிலிருந்து வந்து, இரவு எட்டு மணிக்குத் திரும்பிப் போனவள் நான். என் இடுப்பு எலும்புக்கு அந்தப் பாதையின் ஒவ்வொரு பள்ளமும் தனித்தனியாகத் தெரியும். மூன்றில் ஒரு பங்கு சம்பளம் போனால் வீடு போய்விடும், மறுபடி பஸ்தான். எனக்கு வயிறு எரிந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அக்கா ஒரு வாரம் என் கண்ணில் படவில்லை. நான் நூலகத்துக்குப் போனால் கடைசி அடுக்குக்குப் பின்னால் போய்விடுவார். சேலை முந்தானை மட்டும் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரே என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். கையில் என் புத்தகம்.

நகரியில் என்ன நடந்தது என்று அப்போதுதான் முழுசாகச் சொன்னார். நூல் விலை ஏறி, துணி விலை இறங்கி, ஷெட் நின்றுவிட்டது. நூல் வியாபாரிக்குப் பாக்கி, ஃபைனான்ஸ்காரர்களிடம் பாக்கி, எல்லாவற்றிலும் கணவனும் மனைவியுமாகக் கையெழுத்து. கணவர் ஷெட்டுக்குள் போய்ப் படுத்தால் சாப்பிடக்கூட வெளியே வருவதில்லை.

“உனக்கு நோட்டீஸ் வந்துட்டுது, தெரியும். உன் மூஞ்சில முழிக்க முடியல. அதப்பத்திப் பேச வர்ல. இப்ப நான் கேக்கறது வேற” என்றார். புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். பென்சிலால் கோடு போட்டிருந்தது. நூலகரே நூலகப் புத்தகத்தில் கோடு போட்டிருக்கிறார் என்றால் எந்த நிலைமையில் இருந்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளலாம். “இங்க எழுதிக் கீறியே, ஐ.பி. போட்டா மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்னு. நெஜமா? நாங்க போடலாமா, வேணாமா? நீ சொல்றத நான் கேட்டுக்கறேன்.”

அவர் கேட்டது அவ்வளவுதான். எனக்குப் பதில் தெரியும். இந்த மாவட்டத்தில் என்னைவிட நன்றாக அந்தப் பதில் யாருக்கும் தெரியாது. போட வேண்டும், தாமதிக்காமல் போட வேண்டும். அவர்கள் கட்டக்கூடிய நிலையைத் தாண்டி ரொம்ப நாளாகிவிட்டது. ஆனால் அவர்கள் ஐ.பி. போட்டு விடுதலையானாலும் ஜாமீன் போட்டவள் விடுதலையாக மாட்டாள். சீட்டுக் கம்பெனி முழுத் தொகைக்கும் என்னிடம்தான் வரும். அதுவும் என் புத்தகத்திலேயே இருக்கிறது. அக்கா திட்டிய அடிக்குறிப்புகளில் ஒன்றாக இருக்கிறது.

“வேணாம்கா” என்றேன்.

இன்றைக்கும் அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ரொம்ப அக்கறையாக, நிதானமாக வந்தது. “ஐ.பி. போட்டா வருஷக்கணக்குல இழுக்கும்கா. பேப்பர்ல பேரு வரும். உங்க வேலைக்கே ஆபத்து வந்தாலும் வரும். புக்குல எழுதறது வேற, நடக்கறது வேற. கொஞ்சம் கொஞ்சமா கட்டப் பாருங்க. மொதல்ல சீட்டுக் கம்பெனிய முடிங்க, மத்தவங்கள அப்புறம் பாக்கலாம்.”

பேப்பரில் பெயர் வரும் என்பது உண்மை. வேலைக்கு ஆபத்து என்பது பச்சைப் பொய். சீட்டுக் கம்பெனியை முதலில் முடிக்கச் சொன்னது எனக்காக. அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். “சரிம்மா. படிச்சவ நீ சொன்னா அது சரியாத்தான் இருக்கும்” என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று மேசையை ஒழுங்குபடுத்தினேன்.

அன்று பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. நன்றாகத் தூங்கினேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் தூங்கினேன். சனிக்கிழமையும் சரியாகவே போயிற்று. மீன் வாங்கினேன், நைனாவுக்கு மருந்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சபையில்தான் மாட்டிக்கொண்டேன். நாங்கள் வாராவாரம் சொல்லும் ஜெபத்தில் கடனாளிகளை மன்னிப்பதைப் பற்றி ஒரு வரி உண்டு. சிறுவயதிலிருந்து கிளிப்பிள்ளையாகச் சொன்ன வரி. அன்று அந்த இடம் வந்தபோது எனக்கு வாய் திறக்கவில்லை. பக்கத்தில் நைனா எண்பது வயதுக் குரலில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மேசை மேசையாகத் தட்டியவள் நான், என்னை நம்பி வந்த ஒரே வாசகருக்குப் பொய் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் எழுத உட்கார்ந்தேன். ஐ.பி. மனு போட என்னென்ன வேண்டும், எந்தக் கோர்ட்டில் போட வேண்டும், எவ்வளவு காலம் ஆகும் என்று எளிய தமிழில், அடிக்குறிப்பே இல்லாமல் எழுதினேன். அடுத்து, ஐ.பி. போட்டாலும் யாரும் தொட முடியாத பொருள்கள் என்று ஒரு பட்டியல். உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை. அதற்கடுத்து, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை, அதாவது தாலி. தாலி என்றால் அது கோத்திருக்கும் சரட்டோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க வாதாடியிருக்கிறேன். அதையும் எழுதி, கீழே கோடு போட்டேன். எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. வீடு போனால் போகட்டும், பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று தோன்றியது. நைனாவைக் கூப்பிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டே மீன் குழம்பு சாப்பிட்டேன்.

“இன்னாம்மா, ப்ரொமோஷனா?” என்று கேட்டார் நைனா.

“இல்ல நைனா, டிமோஷன்” என்றேன். அவரும் சிரித்தார்.

திங்கட்கிழமை ஒரு பஸ் முன்னாலேயே பிடித்து நேராக நூலகத்துக்குப் போனேன். அக்கா திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் யாருமில்லை. மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன்.

“அக்கா, வெள்ளிக்கிழமை நான் சொன்னதெல்லாம் பொய். ஐ.பி. போடுங்க. இன்னிக்கே வக்கீலப் பாருங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாது. எல்லாத்தையும் இதுல எழுதியிருக்கேன்.”

காகிதத்தை நீட்டியபோதுதான் அவர் கழுத்தைப் பார்த்தேன். எப்போதும் கிடக்கும் தாலிச் செயின் இல்லை. புது மஞ்சள் கயிறு. ரவிக்கை ஓரத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

“செயின் எங்கக்கா?”

“புத்தூர்ல வித்துட்டேன், சனிக்கெழம. நீதான சொன்ன, சீட்டுக் கம்பெனிய மொதல்ல பாருன்னு. மொத்தமா ஒரு தொகை கட்டிட்டா உன் மேல கீற அப்பு கொஞ்சமாச்சும் கொறயுமேன்னு.” பர்ஸிலிருந்து சீட்டுக் கம்பெனி ரசீதை எடுத்து என் கையில் கொடுத்தார். “உன்கிட்ட குடுக்கணும்னுதான் வெச்சிருந்தேன். நீயே வந்துட்ட.”

நான் ரசீதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் காகிதத்தைப் படித்தார். எதையும் வரி விடாமல் படிப்பவர் அவர். மெல்லப் படித்துக்கொண்டே வந்து, கோடு போட்ட இடத்தில் நிறுத்தினார். திரும்ப ஒருதரம் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது தெரிஞ்சேதான் அன்னிக்கு அப்டி சொன்னியா?”

“ஆமாக்கா.”

“ஏன்?”

“என் சம்பளத்துல புடிப்பாங்கன்னு பயந்துட்டேன்.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காகிதத்தை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

“மனு எழுத நல்ல வக்கீலா ஒருத்தரச் சொல்லு” என்றார். “நீ எழுத வேணாம். இதுல சந்தகம் போடாத ஆளாப் பாத்துச் சொல்லு.”

சட்டப்படி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சம்பந்தப்பட்ட ஆள் யோசனை சொல்லக் கூடாது என்பதை நான் ஒரு பருவம் முழுக்கப் பாடமாக நடத்துகிறேன். சித்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு நல்ல வக்கீலின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

மனு போட்டார்கள். லூம்கள் போயின, ஷெட் போயிற்று, கடனும் போயிற்று. விசாரணை நாளில் அக்காவின் கணவர் முகத்தை மூடாமல்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்கா, கணவரின் தலைமுடியைக்கூடத் தானே சீவிவிட்டு அழைத்து வந்திருப்பார் போலிருந்தது. இப்போது அந்தக் கணவர் ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் மாதச் சம்பளத்துக்குப் போகிறார். சாப்பிடுகிறார், சண்டை போடுகிறார், கிரிக்கெட் பார்க்கிறார் என்று அக்கா சொன்னார். ஆக, நான் நானூறு பக்கம் எழுதியது வீண் போகவில்லை. மீதிப் பாக்கியை நான் என் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்குக் கொடுத்த முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. ஆறு மணி பஸ் டிரைவர், “மேடம், நீங்க திருப்பதிக்கே போறதா சொன்னாங்களே?” என்று கேட்டார். உங்களை விட்டுப் போக மனசு வரவில்லை என்றேன்.

இருபத்து நாலு மாதம் என்று சொன்ன பிடித்தம் இருபத்தொன்றாவது மாதத்தோடு நின்றது. அக்கா கட்டிய தொகை மூன்று மாதத்தைக் குறைத்திருந்தது. முழுச் சம்பளம் வந்த மூன்று மாதமும் அந்தப் பங்கை எடுத்துத் தனியாக வைத்தேன். மூன்றாவது மாதம் ஒரு கவரில் போட்டு நூலகத்துக்குக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். அதே மாதிரி ஒரு செயின் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் கவரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. என் பக்கம் தள்ளிவைத்தார்.

“வேணாம்மா. இருந்த அப்புல அது ஒண்ணுதான் நானா கட்டுனது. அதயும் திருப்பிக் குடுத்துட்டு, இன்னான்னு சொல்லிக்குவேன் நானு?”

ஒரு மாணவி புத்தகம் கேட்டு வந்து நின்றாள். அக்கா எழுந்து அவளோடு அடுக்குப் பக்கம் போனார். நான் கவரை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். சம்பளம் வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து என் சொந்தப் பணத்தைக் கையில் வைத்திருக்க அன்றுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.